மடிப்பிச்சைக்கு ஒரு சீட்டு

பிச்சை எடுப்பதற்கு அனுமதி கேட்டு நீங்கள் எப்போதாவது ஆபீஸ் படி ஏறியிருக்கிறீர்களா? நீலாம்பாள் ஏறினாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. அந்த வருஷம் ரங்கூனில் ஆடி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் இருந்த அலோன் பேட்டையிலிருந்து போலீஸ் ஆபீசுக்கு டிராமில் போகலாம். டிராமுக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. நனைந்துகொண்டே போனாள், நனைந்துகொண்டே வந்தாள்.

அவள் புருஷன் செல்லையா அரிசி மில்லில் மூட்டை தூக்கினவன். பங்குனியில் ஒரு நாள் படகுக்கு மூட்டை ஏற்றும்போது பலகை வழுக்கி விழுந்தான். அவன் தூக்கிவந்த மூட்டையே அவன் முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போ என்று சொல்லிவிட்டார்கள்.

வீடு என்று அவர்கள் சொன்னது மில்லுக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியின் பாரக்கில் மாடியில் இருந்த ஒரு ரூம். பதினாலு ரூம் உள்ள மரக்கட்டிடம் அது. மில்லில் வேலை செய்கிறவனுக்குத்தான் அதில் இடம். மேஸ்திரி கெட்டவன் என்று சொல்ல முடியாது. நாலு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தான். ஆடி பிறந்ததும் வந்து கதவருகில் நின்று சொன்னான். “இந்தக் கப்பல்ல ஊர்லேர்ந்து புது ஆளு வருது. அவங்கள எங்க படுக்க வைப்பேன், என் தலையிலயா? கப்பல் திரும்புற அன்னிக்கு ரூம் எனக்கு வேணும் நீலா.”

அந்தக் கப்பல் மூன்றாவது ஆடி வெள்ளிக்கு மறுநாள் காலையில் நாகப்பட்டினத்துக்குத் திரும்புகிறது. அதில் செல்லையாவை ஏற்றிவிட வேண்டும். நீலாம்பாளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஊரில் செல்லையாவின் அக்கா இருந்தாள். இடுப்பு ஒடிந்த மாமனாரை ஒன்பது வருஷம் புரட்டிப்போட்டுக் கழுவிவிட்டுப் பழகினவள். துறைமுகத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன், தம்பியைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று ஆள் வைத்துக் கடிதம் எழுதியிருந்தாள். அங்கே போனால் செல்லையா ஒரு கூரைக்குக் கீழே படுத்திருப்பான். இங்கே இருந்தால் தெருவில்தான்.

கப்பல் மேல்தட்டில் போக இரண்டு டெக் டிக்கெட் வேண்டும். கப்பல் அணைகிற ஜெட்டியில் அவனைத் தூக்கி ஏற்ற ஆள் வேண்டும். கையில் ஒன்றுமில்லை. மழைக்கு மில் மூடிக் கிடந்தது, புது ஆட்கள் வந்த பிறகுதான் திறக்கும். பாரக்கில் இருந்தவர்கள் கொடுக்க முடிந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிச் செலவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

“வீடு வீடா ஏறி இறங்கினா ஆளுக்குக் காலணா போடாமலா போயிடுவாங்க?” என்றாள் அடுத்த ரூம் தைலம்மாள். புட்டு விற்கிறவள். அலோனில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. “ஆனா சீட்டு வேணும்டி. சீட்டில்லாமப் போனே, செவப்புத் தலப்பாக்காரன் புடிச்சிக்கிட்டுப் போயிடுவான்.”

முந்தின வருஷம் ஊரில் காவேரி உடைத்துக்கொண்டு போனபோது ரங்கூனில் தெருத் தெருவாக வெள்ள நிதி வசூல் நடந்தது. நல்லவர்கள் வசூல் செய்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே நாலு திருட்டுக் கும்பலும் உண்டியல் எடுத்துக்கொண்டு கிளம்பின. அதிலிருந்து, போலீஸ் ஆபீஸ் சீட்டு இல்லாமல் எந்த வாசலிலும் போய்க் கையேந்தக் கூடாது என்று ஆகிவிட்டது.

முதல் தடவை போனபோது, வாயால் சொன்னால் ஆகாது, மனு எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். ஆபீஸ் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில், தகரப் பெட்டி மேல் பலகையைப் போட்டுக்கொண்டு ரஹ்மத்துல்லா என்கிற நாகூர்க்காரர் மனு எழுதிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஒரு கிழிந்த குடையை மரத்தில் கட்டியிருந்தார். நீலாம்பாள் சொன்னதையெல்லாம் கேட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். காசு கேட்கவில்லை.

இரண்டாவது தடவை அந்த மனுவோடு போனாள். மனுக்களை வாங்குகிற குமாஸ்தா பெயர் தண்டபாணி. வேலூர்ப் பக்கத்து மனிதர். நெற்றியில் விபூதி, மூக்கில் பொடி.

“இது யாருக்கு வசூல்?” என்று கேட்டார்.

“எம் புருசனுக்குங்க சாமி. ஊருக்கு அனுப்பணும்.”

“கமிட்டி யாரு?”

“என்னங்க?”

“கமிட்டிம்மா. தலைவர், செக்ரட்டரி, மெம்பர். அஞ்சு பேர் கையெழுத்து வேணும்.”

“நானும் அவருந்தாங்க. அவரால எந்திரிக்க முடியாது.”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். “எழுதிக்குங்க தண்டபாணி. நின்ன தலைவர் ஒண்ணு, படுத்த செக்ரட்டரி ஒண்ணு.”

தண்டபாணி சிரிக்கவில்லை. மனுவை மடித்து அவள் பக்கம் தள்ளினார். “இங்க பாரு தாயி. பல பேருக்குன்னு வாங்கினா அது தர்மம். ஒருத்தருக்குன்னு வாங்கினா அது பிச்சை. தர்மத்துக்குத்தான் சீட்டு. பிச்சைக்குச் சீட்டு கெடையாது, கேஸ்தான்.”

“என்னை மாதிரி இன்னும் நாலு பொம்பளைங்க புருசனுக்கு இடுப்பு ஒடிஞ்சிருந்தா குடுப்பீங்களா சாமி?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அவரும் கிண்டலாகப் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலு பேர் இருந்தா மேலதிகாரிகிட்ட வச்சுப் பாக்கலாம்” என்றார்.

வெளியே வந்தவளை ரஹ்மத்துல்லா பார்த்தார். “என்ன தங்கச்சி, ஏறின வேகத்துல எறங்கிட்டே?”

சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். தான் எழுதிய மனு திரும்பி வந்ததில் அவருக்கே அவமானம். மழை மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நீலாம்பாள் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அப்படியே நின்றாள்.

“உங்களுக்கு இது ஆடி மாசந்தானே?” என்று திடீரென்று கேட்டார் அவர்.

“ஆமாங்க பாய்.”

“மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தறதுக்கு மடியேந்திக்கிட்டுப் போவீங்கள்ல?”

“போவாங்க. வேண்டுதல் இருக்கிறவங்க போவாங்க.”

“அப்படி எழுதிடுறேன். சாமி காரியம்னா இவன் கமிட்டியும் கேக்க மாட்டான், கிமிட்டியும் கேக்க மாட்டான். போன வாரம் தெலுங்கங்களுக்கு பஜனைக்குன்னு எழுதிக் குடுத்தேன். மறுநாளே சீட்டு.”

நீலாம்பாள் கையிலிருந்த பழைய மனுவையே பார்த்தாள்.

“என்ன?”

“பொய்யில்லியா பாய்?”

“எழுதறவன் நான். பாவம் வந்தா நாகூர் எசமான்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ உங்க ஆத்தாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லி வை. இந்த ரஹ்மத்துல்லா மூஞ்சியில அம்மையை வாத்துடப் போறா.” பேனாவை மையில் தோய்த்தார். “காகிதந்தானே தங்கச்சி. காசு கைக்கு வந்தா அது உன் காசு. எவன் வந்து பாக்கப் போறான்?”

மடிப்பிச்சை என்றால் என்ன என்று ரஹ்மத்துல்லாவுக்குத் தெரியும். ரங்கூன் தெருக்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். மஞ்சள் புடவை, வேப்பிலை, விரித்த மடி. அந்த மடியில் விழுந்தது விழுந்த அந்த நிமிஷமே ஆத்தாளுடையது, ஏந்துகிறவளுக்கு அதில் ஒரு பருக்கை கிடையாது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. நீலாம்பாளுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டைவிரலை நீட்டி மனுவில் வைத்தாள். போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஆத்தாளிடம் பேசிக்கொண்டே போனாள். கடனா வாங்கிக்கிறேன் தாயே. ஊருக்குப் போனதும் முதல் வேலையா உனக்குக் கூழ் ஊத்திடுறேன். இங்கே இருக்கிறவளும் நீதானே, அங்கே இருக்கிறவளும் நீதானே.

மூன்றாவது தடவை மனுவைக் கொடுத்தபோது தண்டபாணி, “எந்தக் கோயில்?” என்று மட்டும் கேட்டார். அலோனில் பாரக்குக்கு அடுத்த தெருவில் தகரக் கூரை போட்ட கோயில் என்றாள். நாளைக்கு வா என்றார்.

நாலாவது தடவை சீட்டு தயாராக இருந்தது. நீல மையில் முத்திரை குத்தியிருந்தது. தண்டபாணி அதை வாசித்துச் சொன்னார். புதன், வியாழன் இரண்டு நாள். அலோன் தெருக்களுக்குள் மட்டும். வசூலானதைக் கோயிலில் சேர்த்து, பூசாரியிடம் ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லி முடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து இரண்டணாவை எடுத்து, “மடியைப் பிடி” என்றார்.

நீலாம்பாளுக்குக் கை வரவில்லை.

“புடி தாயி. எம் பொண்ணுக்கு வலது கண்ணுல பூ விழுந்திருக்கு. பதினோரு வயசு. ஆத்தாகிட்ட அவ பேரைச் சொல்லு. மீனம்மாள்னு சொல்லு.”

முந்தானையை விரித்தாள். காசு விழுந்தது. நாலு நாளைக்கு முன்னால் செல்லையாவுக்காகக் கேட்டால் கேஸ் என்று சொன்ன மனிதர், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பி நின்றார்.

வெளியே ரஹ்மத்துல்லாவிடம் சீட்டைக் காட்டினாள். ரசீது விஷயத்தையும் சொன்னாள். “ரசீதெல்லாம் நான் எழுதித் தரேன். பூசாரி மாதிரி எனக்குக் கையெழுத்துப் போட வராதாக்கும்?” என்று அவர் சிரித்தார். நீலாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை புடவையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கட்டிக்கொண்டாள். தைலம்மாள் முறத்தில் வேப்பிலையைப் பரப்பி எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். தைலம்மாளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். “நீ வாயைத் தொறக்காதே. நான் பேசிக்கிறேன். உன் மூஞ்சியப் பாத்தாலே எழவு வீடு மாதிரி இருக்கு” என்று முதல் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

ஜனங்கள் காலணா கொடுப்பார்கள் என்று நினைத்தது தப்பு. அரையணா கொடுத்தார்கள், ஓரணா கொடுத்தார்கள். வேலை இல்லாத வீட்டில் அரிசி கொடுத்தார்கள். வாசல்படியில் நிற்கச் சொல்லி, நீலாம்பாள் காலில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, அப்புறம் மடியில் போட்டார்கள். போடும்போது ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள். மகனுக்கு வேலை. வயிற்றில் தங்காத பிள்ளை. மோல்மீனுக்குப் போய் ஆறு மாதமாகக் கடிதம் போடாத புருஷன். ஒரு வயதான அம்மாள் ஒன்றும் சொல்லாமல் நீலாம்பாள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள். நீலாம்பாள் பதறி விலகினாள். “நகராதேடி, உனக்கா விழறா?” என்று தைலம்மாள் காதோரம் அதட்டினாள்.

பாரக்கை ஒட்டிய மரக்கடை ஓரத்தில் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்த பர்மாக்காரி ஒருத்தி, “பெ பயா லெ?” என்று கேட்டாள். எந்தச் சாமி என்று கேட்கிறாள். “அமே பயா” என்றாள் தைலம்மாள். அம்மா சாமி. பர்மாக்காரி கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் ஒரு கிண்ணம் அரிசியைக் கொண்டுவந்து கொட்டினாள். செல்லையாவின் ரூமுக்குக் கீழேதான் அவள் தினமும் கடை போடுகிறாள். மேலே ஒருத்தன் படுத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம், பாரக்குக்கு நாலு வீடு தள்ளி இருந்த வேலம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனார்கள். நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீடு. அங்கே யாரும் கேட்கவும் மாட்டார்கள், அவர்கள் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. பத்தடி போயிருப்பார்கள்.

“அக்கா! அக்கா, நில்லுக்கா!”

வேலம்மா தலையை விரித்தபடி மழையில் ஓடிவந்தாள். சின்னப் பெண். இருபது வயசு இருக்கும். புருஷன் ரயில்வேயில் கரி அள்ளுகிறவன். “அம்மை போட்ட வீட்லேர்ந்து ஒண்ணும் குடுக்கக் கூடாதும்பாங்க. வேற யாருக்கும் இல்லியே. ஆத்தாளுக்குத்தானே?” கைக்குள் பிள்ளையின் வெள்ளிக் கொலுசு. “நாலு வயசுதாங்க்கா. கண்ணையே தொறக்கல. தொண்டைக்குள்ளல்லாம் முத்து. நாளைக்குக் கூழ் ஊத்துறீங்கள்ல? எம் புள்ள பேரைச் சொல்லி முதக் கரண்டிய ஊத்துக்கா. சொர்ணம்னு சொல்லு. மறக்காதேக்கா.”

“மறக்க மாட்டா. நீ உள்ள போ, நனையாதே” என்றாள் தைலம்மாள். வேலம்மா போகவில்லை. நீலாம்பாள் வாயால் சொல்லவேண்டும் என்று நின்றாள்.

“சொல்றேன்” என்றாள் நீலாம்பாள்.

அதற்குப் பிறகு அவர்கள் எந்த வாசலுக்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செல்லையா படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்தான். அரிசியைத் தைலம்மாள் விலைக்கு எடுத்துக்கொண்டால், கொலுசையும் விற்றால், இரண்டு டிக்கெட்டும் ஆகும், தூக்குகிற ஆளுக்கும் ஆகும். பகல் பன்னிரண்டு மணிக்குள் ஜெட்டிக்குப் போய் டிக்கெட் வாங்கவேண்டும். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. தாடியைச் சிரைக்க ஆள் கூட்டிவரச் சொன்னான். “அக்கா வண்டியோட வந்து நிக்கும். இந்த மூஞ்சியோடயா போறது?”

நீலாம்பாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

“என்ன புள்ள? கெளம்பு. நேரம் ஆவுது.”

“இந்தாங்க, கொலுச மட்டும் திருப்பிக் குடுத்துடலாமா?”

“குடுத்துட்டா டிக்கெட்டு?”

அவள் கொலுசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“யாரு புள்ளயது?”

“வேலம்மாவோடது. அம்மை கண்டிருக்கு.”

செல்லையா கூரையைப் பார்த்தான். “அம்மை தானா எறங்கும். எல்லாப் புள்ளைக்கும் வருது, எறங்குது. எனக்கு இடுப்பு தானா ஒட்டுமா?”

“ஆத்தாளுக்குன்னு குடுத்தாங்க...”

“நாலு மாசமா ஆத்தா எங்கடி போயிருந்தா? மூட்டை எம்மேல விழுந்தப்ப எங்க நின்னுக்கிட்டிருந்தா?” குரல் உயர்ந்தது. உடனே தணித்துக்கொண்டான். அவளிடம் கோபப்பட்டால் தன்னைப் புரட்டிப்போட வேறு ஆளில்லை என்பது அவனுக்கு எப்போதும் நினைவிருக்கும். “ஊர்ல போய் ஊத்துவோம் புள்ள. கடன வச்சுக்க மாட்டேன். அக்காகிட்டச் சொல்லி ஒரு அண்டா கூழு ஊத்துவோம். போ. போயிட்டு வா.”

நீலாம்பாள் இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. இடது பக்கம் போனால் டிராம் ரோடு, ஜெட்டி. வலது பக்கம் போனால் மதராஸ் சாமான் விற்கிற மளிகைக் கடை, அப்புறம் கோயில். அவள் இடது பக்கம்தான் திரும்பினாள். நாலு வீடு தாண்டியும் போனாள். ஐந்தாவது வீடு வேலம்மாவுடையது. அவள் வாசல்படியில் காத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அடுப்பு மூட்டியாச்சா?”

“இல்ல. சாமான் வாங்கத்தான் போறேன்.”

“கடை அந்தப் பக்கமில்ல இருக்கு?”

“ஆமா” என்றாள் நீலாம்பாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

பிள்ளை செத்துவிடுமோ என்று பயந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பயமும் இருந்தது. ஆனால் அவள் அப்போது நினைத்தது அதை இல்லை. தண்டபாணியின் மகள் பெயர் அவளுக்கு ஞாபகம் வந்தது. மோல்மீன்காரன் பெயர் வந்தது. காலில் விழுந்த கிழவி வந்தாள். இரண்டு நாளில் அத்தனை வாசல் ஏறியிருக்கிறாள், அத்தனை பேரும் மடியில் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தர்கூட அவளுக்குப் போடவில்லை. ஒருத்தர்கூடச் செல்லையாவுக்குப் போடவில்லை. செல்லையா என்று ஒருவன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. செல்லையாவுக்கு என்று கேட்டிருந்தால் அது பிச்சை. அதற்குச் சீட்டு இல்லை.

வலது பக்கம் திரும்பி நடந்தாள்.

கேழ்வரகு மாவு, நொய், வெங்காயம், கருவாடு எல்லாம் வாங்கினாள். மிச்சக் காசையும் கொலுசையும் பூசாரி நாகரத்தினம் முன்னால் உண்டியலில் போட்டாள். கோயில் கொட்டகையில் பெரிய அண்டா வைத்து, வசூலான அரிசியையும் போட்டுக் கூழ் காய்ச்சினாள். முதல் கரண்டியை எடுத்தபோது சொர்ணம் என்று சொன்னாள். அப்புறம் மீனம்மாள் என்று சொன்னாள். ஞாபகம் இருந்த பெயரையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். செல்லையா பெயரைச் சொல்லவில்லை. அது அவள் காசு இல்லை.

தைலம்மாள் புட்டுக் கூடையோடு வந்தவள் அண்டாவைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டாள். “பாவி. அடிப் பாவி. என்ன காரியம் பண்ணிட்டே!”  பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். “அம்மாமாரே, இவ புருசன் இடுப்பொடிஞ்சு மாடியில கெடக்கான். நாளைக் காலைல கப்பல். ஆளுக்கு ஏதாச்சும் கொஞ்சம் போடுங்களேன்.”

ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “நேத்துத்தானே குடுத்தோம்” என்றாள் ஒருத்தி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் வீட்டில் வேறு காசு இல்லை. கொட்டகை ஓரமாக மழைக்கு ஒதுங்கியிருந்த போலீஸ்காரன் ஒருவன் கூழை ஊதிக் குடித்துக்கொண்டே, “சீட்டு நேத்தோட முடிஞ்சுதே” என்றான். ஒரு பெரியவர் நாலணா கொடுத்தார். தைலம்மாள் அதை வாங்கி, இது எந்த மூலைக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று மணிக்கு ரஹ்மத்துல்லா வந்தார். ஜெட்டிக்கு விடிகாலையில் போக, கையால் இழுக்கிற லாஞ்சா வண்டிக்காரன் ஒருவனிடம் சொல்லி வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் வந்தார். கூழ்க் கரண்டியோடு நின்றவளைப் பார்த்தார்.

“டிக்கெட் வாங்கியாச்சுல்ல தங்கச்சி?”

“இல்ல பாய்.”

“காசு?”

அவள் அண்டாவைக் காட்டினாள்.

ரஹ்மத்துல்லா குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். “அது நான் சும்மா எழுதினதும்மா. காகிதம். வெறும் காகிதம்.”

“அதத்தானே பாய் எல்லா வீட்லயும் காட்டினேன்.”

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மடியிலிருந்து மூன்று ரூபாயை எடுத்து அவளிடம் நீட்டினார். அது அவரிடம் இருந்த எல்லாம் என்று பார்த்தாலே தெரிந்தது. நீலாம்பாள் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு கொட்டாங்குச்சியில் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கி, கொட்டகைக்கு வெளியே போய் நின்று குடித்தார்.

சாயங்காலம் ஒரு குவளையில் கூழ் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். செல்லையா சிரைத்த முகத்தோடு படுத்திருந்தான். கன்னம் ஒட்டி, யாரோ மாதிரி இருந்தான். அவள் கையைப் பார்த்தான். அடுத்த தெருக் கோயிலிலிருந்து காலை முதலே உடுக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பாயருகில் உட்கார்ந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினாள். குடித்தான். பாதி குடித்ததும் நிறுத்தினான்.

“உப்பு பத்தல” என்றான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கப்பல் போய்விட்டது. எட்டு மணிக்கு மேஸ்திரி புது ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்களில் இரண்டு பேரும் நீலாம்பாளும் தைலம்மாளுமாகச் செல்லையாவைப் பாயோடு தூக்கி, கீழே மாடிப்படிக்கு அடியில், விறகை ஒதுக்கிவிட்டுப் படுக்க வைத்தார்கள்.